கவ்வினால் விடாத குட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஏழு மாதம். காவல் வேலைக்கு வளர்க்கிறோம். இழுத்து விளையாடும் சணல் பொம்மையான டக்கைக் கவ்விவிட்டால் விடுவதே இல்லை. 'அவுட்' என்று அதட்டி லீஷைச் சுண்டினால் இன்னும் இறுக்கிக்கொள்கிறது. முள் காலர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ட்ரெயினர். போடலாமா?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: போடாதீர்கள். இழுத்தால் எதிர்த்து இழுப்பது நாயின் சுபாவம். நீங்கள் லீஷைச் சுண்டும்போது, வாயிலிருக்கும் இரை நழுவப் பார்க்கிறது என்றுதான் அதற்குப் படும். 'அவுட்' என்றதும் கழுத்தில் சுண்டல் விழும் என்று இதற்குள் கற்றுக்கொண்டிருக்கும். அதனால்தான் சொல்லைக் கேட்டவுடன் தாடையை இறுக்குகிறது. முள் காலர் இந்தச் சிக்கலை இன்னும் மோசமாக்கும். வலி தாங்காமல் டக்கை விட்டு உங்கள் கையைக் கவ்வவும் வாய்ப்புண்டு.

விட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்று உங்கள் நாய் நினைக்கிறது. விட்டால்தான் விளையாட்டு மறுபடி தொடங்கும் என்று அதற்குப் புரியவேண்டும். பயிற்சி முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். 28 பால் பற்கள் உதிர்ந்து 42 நிரந்தரப் பற்கள் முளைப்பது பெரும்பாலும் நான்காவது மாதத்திலிருந்து ஏழாவது மாதத்துக்குள். பால் கோரைப்பல் ஏதாவது விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றாலோ, ஈறு சிவந்திருந்தாலோ இழுப்பு விளையாட்டைத் தள்ளிப்போட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் சரியாக இருந்தால், இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள, சுமார் 30 செ.மீ. நீள டக் ஒன்று வாங்குங்கள். வாய் நிறைய, கடைவாய் வரை கவ்வும் பருமன் வேண்டும். நுனிப்பல்லால் பிடிக்கும் நாய்தான் அடிக்கடி வாயை மாற்றிமாற்றிக் கடித்துக் கையில் பல்லைப் பதிக்கும். கழுத்தில் அகலமான சாதாரண காலரே போதும்.

பத்துப் பதினைந்து விநாடி உற்சாகமாக இழுத்து விளையாடுங்கள். பிறகு இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து, டக்கை உங்கள் தொடையோடு சேர்த்து அழுத்திவிடுங்கள். நீங்கள் இழுக்கவும் கூடாது, அது இழுப்பதற்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது. டக் ஒரு விரற்கடை அசைந்தாலும் நாய்க்கு அது உயிருள்ள இரை. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கையை நீட்டி வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாய் தலையை உதற, கை ஆட, நாய்க்குக் கொண்டாட்டம். தொடையில் ஒட்டிவிட்டால் உதறிப் பயனில்லை. பேசாதீர்கள், நாயின் கண்ணைப் பார்க்காதீர்கள். முதல் நாள் ஒரு நிமிடம்கூட ஆகலாம், காத்திருங்கள். வாய் திறந்த அதே கணத்தில் 'பிடி' என்று சொல்லி, டக்கை உயிரோடு ஆட்டி மறுபடி கவ்வக் கொடுங்கள். அரை விநாடிக்கு மேல் தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குப் புரியாது.

டக் அசையாமல் நின்ற இரண்டு விநாடிக்குள் விடுகிற பழக்கம் வரும்வரை எந்தச் சொல்லும் வேண்டாம். அதற்குப் பிறகே 'விடு'. பழைய 'அவுட்' கெட்டுப்போன சொல்; அதை மறந்துவிடுங்கள். விளையாட்டின் நடுவில், சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை 'விடு' என்று சொல்லி, ஒரு விநாடி விட்டு, டக்கைத் தொடைக்குக் கொண்டுவாருங்கள். சொல்லும் அசைவும் சேர்ந்தே வந்தால் நாய் அசைவை மட்டும்தான் கவனிக்கும். சொல் அதன் காதில் ஏறாது. சொல் முந்தினால், சில நாளில் டக் நிற்பதற்கு முன்பே வாய் திறக்கத் தொடங்கும். அன்றைக்குத்தான் நாய் சொல்லைக் கற்றது என்று பொருள்.

இதற்குப் பிறகு, விட்டதும் ஒரு விநாடி பொறுத்து 'பிடி', பிறகு மூன்று விநாடி, பிறகு உட்கார்ந்த பின் 'பிடி' என்று நீட்டலாம். நீங்கள் சொல்லாமலே பாய்ந்து கவ்வினால் திட்டவேண்டாம். டக்கை மறுபடி தொடையில் ஒட்டி, விடும்வரை செத்ததாகவே வைத்திருங்கள்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், ஐந்தாறு 'விடு' போதும். ஒவ்வொரு இழுப்பிலும் 'விடு' கேட்டால் நாய் சொல்லுக்கு முன்பே அரைமனதாகத் துப்பத் தொடங்கும், பிடியும் தளரும். காவல் நாய்க்கு அதுவும் குறைதான். நடுநடுவே டக்கை அதற்கே ஜெயிக்க விட்டு, வாயில் வைத்தபடி ஒரு சுற்று நடக்க விடுங்கள். நாளின் கடைசி 'விடு'க்குப் பிறகு கைப்பிடி அளவு தீனியைத் தரையில் தூவி, அது பொறுக்கும்போது டக்கை எடுத்து வையுங்கள். விளையாட்டு முடிகிற அந்த ஒரு தடவையும் நஷ்டமாகத் தோன்றாது.

கேள்வி: லாப்ரடார் குட்டி, ஐந்து மாதம். சாக்ஸ், செருப்பு, மாங்கொட்டை என்று எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பிஸ்கட்டைக் காட்டினால்தான் போடுகிறது.
– வாசகி, மேடவாக்கம்

பதில்: துரத்துவதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் பின்னால் ஓடினால் சாக்ஸ் அதற்குப் பரிசாகிவிடும். பிடிபடும் பயத்தில் விழுங்கியும்விடும். மாங்கொட்டை குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை வரை போகும். மாம்பழக் காலம் முடியும்வரை குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள்.

பிஸ்கட் கொடுப்பது தவறில்லை, காட்டும் வரிசைதான் தவறு. நீங்கள் முதலில் பிஸ்கட்டைக் காட்டுகிறீர்கள். நாய் அதற்கு விலை பேசுகிறது. வீட்டுக்குள் இரண்டு மீட்டர் கயிறு ஒன்றைக் காலரில் மாட்டி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் தரையில் இழுபட விடுங்கள். அது ஏதாவது கவ்வும்போது கயிற்றை மெதுவாக மிதித்து நின்று, வெறுங்கையோடு 'விடு' சொல்லுங்கள். ஒரு விநாடி கழித்து, பின்பக்கம் வைத்திருந்த டப்பாவிலிருந்து தீனியை எடுத்து மூக்கருகே கொண்டுபோங்கள். அது தின்னும்போது பொருளை எடுத்து, ஆபத்தில்லாததாக இருந்தால் திருப்பியே கொடுத்துவிடுங்கள். கொடுத்தது திரும்பி வரும் என்று தெரிந்த நாய் ஒளித்து வைக்காது. மதிப்பில்லாத பொருளில் தொடங்குங்கள். கோழி எலும்பில் முதல் பாடம் நடத்தாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தவேண்டும். பாட்டி 'போடு', பையன் 'டிராப்', நீங்கள் 'விடு' என்றிருந்தால் எந்த நாயும் குழம்பும்.

கேள்வி: தாடையைக் கையால் பிளந்து எடுக்கலாமா?
– வாசகர், பல்லாவரம்

பதில்: எலி மருந்து, பிளேடு, மருந்து மாத்திரை போன்றவை வாயில் இருந்தால் எடுத்தே ஆகவேண்டும், பயிற்சியாகச் செய்யாதீர்கள். பல் பட்டுக் கையில் கீறல் விழுந்தால், அது வீட்டு நாயாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எட்டு மாத ராட்வைலருக்கு ஆள் கையில் ஸ்லீவ் (பல் படாமல் காக்கும் தடித்த உறை) மாட்டிக் கடிக்கப் பழக்கலாம் என்று ஒருவர் வருகிறார். அபார்ட்மென்டில் இருக்கிறோம்.
– வாசகர், வேளச்சேரி

பதில்: அபார்ட்மென்டுக்கு இந்தப் பயிற்சி எதற்கு? குரைத்து அறிவிக்கும் நாயே அங்கே தாராளம். பூங்கா, படிக்கட்டு, லிஃப்ட் வாசல் என்று மூன்று வேறு இடங்களில், டக் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரே சொல்லில் விடாத நாயை ஸ்லீவ் பக்கமே கொண்டுபோகக் கூடாது. விடும் நிலை வந்த பிறகும், 'விடு' சொன்னதும் ஸ்லீவ் அணிந்தவர் அசையாமல் நிற்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் தொடையில் ஒட்டிப் பழக்கிய அத்தனையும் பாழ்.

நாயை அலட்சியமாக வைத்திருந்து அடுத்தவர் உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ ஏற்படும் நிலை வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கேள்வி: மே மாதத்தில் எத்தனை மணிக்குப் பழக்குவது? பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொண்டுபோகிறோம்.
– வாசகி, அடையாறு

பதில்: காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் தரை ஆறுவதற்கு நேரமாகும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள். நம்மூர் புழுக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாய் மூச்சுக்காகத்தான் வாயைத் திறக்கும். அதை 'விட்டது' என்று எண்ணிப் பாராட்டினால் பயிற்சி தப்பாகப் பதியும். அப்போது நிழலும் தண்ணீரும்தான் தேவை.

கடற்கரையில் ஓடவிடுங்கள், டக் விளையாட்டு மட்டும் அங்கே வேண்டாம். சணலிலும் டென்னிஸ் பந்திலும் ஒட்டும் மணல் பல்லை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஏற்கெனவே மணல் பட்ட டக்கை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். நார் பிரிந்து தொங்கத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அந்த நாரை விழுங்கினால் குடலில் சிக்கும்.