ஃபிரான்டினாக் இனிப்பு ரெட் ஒயின்: வாசகர் கேள்விகள்

கே: பழத்தில் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு) இனிப்பு இருந்தும் ஒயின் பல் கூசுமளவு புளிக்கிறதே, ஏன்?

ஃபிரான்டினாக்கின் குணமே அதுதான். மினசோட்டா பல்கலைக்கழகம் 1996-இல் வெளியிட்ட இந்தக் கலப்பினத் திராட்சை, காட்டுத் திராட்சையான ரிப்பாரியாவிடமிருந்து மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரைத் தாங்கும் வலுவை வாங்கியது. புளிப்பையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. சாற்றில் லிட்டருக்கு 15 கிராம் அமிலம் இருப்பது சகஜம், அதில் ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் ஏராளம். சர்க்கரை ஏறிவிட்டதென்று பறித்துவிடாதீர்கள். அமிலத்தையும் அளந்து, அது இறங்கும்வரை கொடியிலேயே விடுங்கள். 71பி என்ற ரக ஈஸ்ட் போட்டால் மாலிக்கில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். மீதிக்கு மாலோலாக்டிக் நொதித்தல், அதாவது பாக்டீரியாவைக் கொண்டு மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவது. புளிப்பைக் குறைக்கும் பொட்டாசியம் பைகார்பனேட்டை அள்ளிப் போடாதீர்கள். அது திராட்சையின் இன்னொரு அமிலமான டார்டாரிக்கைத்தான் பிடிக்கும், மாலிக் அப்படியே கிடக்கும். பிஎச் 3.7-ஐத் தாண்டிவிடும், புளிப்பும் முழுதாகப் போகாது, ஒயினும் சீக்கிரம் கெடும்.

கே: சர்க்கரை எப்போது, எவ்வளவு?

நொதித்தல் முற்றிலும் நின்று, மண்டி அடியில் படிந்து, ஒயின் தெளிந்த பிறகு. நான்கு டம்ளரில் 100 மில்லி வீதம் எடுத்து 3, 4, 5, 6 கிராம் கரைத்து, மறுநாள் சுவைத்துப் பாருங்கள். உடனே சுவைத்தால் இனிப்பு தனியாகத் துருத்தி நிற்கும், ஏமாந்துபோவீர்கள்.

கே: இனிப்புச் சேர்த்து அடைத்த புட்டிகளின் தக்கை பிதுங்குகிறது. சார்பேட் போட்டிருந்தேனே?

சார்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். கலங்கலான ஒயினில் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்ட் கூட்டமே சர்க்கரையைத் தின்னப் போதும். தெளிந்த ஒயினில் லிட்டருக்கு 0.25 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் உரிய அளவு சல்ஃபைட்டும் (கிருமிகளை அடக்கும் கந்தக உப்பு) சேர்த்தே போடுங்கள்.

இன்னொன்று: மாலோலாக்டிக் பாக்டீரியா உயிரோடு இருக்கும் ஒயினில் சார்பேட் போட்டால் ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற வாடை வரும். வந்தபின் போக்க வழியே இல்லை. சல்ஃபைட் முதலில், இல்லையேல் சார்பேட்டை விட்டுவிட்டு 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி அடையுங்கள்.

கே: துவர்ப்பு போதவில்லை. தோலோடு 15 நாள் ஊறவிடலாமா?

வேண்டாம். கலப்பினப் பழத்தில் புரதம் அதிகம். தோலிலிருந்து இறங்குகிற, துவர்ப்பைத் தரும் டானினை அது பிடித்து மண்டியில் சேர்த்துவிடும். இனிப்பு ஒயினுக்கு 4, 5 நாள் போதும். நிறம் அதற்குள் கருஞ்சிவப்பாக இறங்கியிருக்கும், செர்ரி மணமும் கெடாது.

கே: எந்தக் குளிர்ச்சியில் பரிமாறலாம்?

12 முதல் 14 டிகிரி. அறை வெப்பத்தில் பாகு போலத் திகட்டும்.