இசக்கி என்னும் பெயர் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் சொந்த ஊர் தக்கலை, வேலை திருவனந்தபுரத்தில். என் பெயர் இசக்கியம்மாள் என்று சொன்னதும் உடன் பணிபுரியும் மலையாளிகள், "யட்சியா? சுண்ணாம்பு வேண்டுமா?" என்று சிரிக்கிறார்கள். சென்னைத் தோழிகளுக்கோ இது பட்டிக்காட்டுப் பெயர். அரசிதழில் மாற்றிவிடலாமா? அல்லது 'இசை' என்று சுருக்கிக்கொள்ளலாமா?

இசக்கியம்மாள்

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு,

மலையாள நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. யட்சி என்னும் வடசொல் தமிழில் இயக்கியாகிப் பேச்சு வழக்கில் இசக்கியாயிற்று. ஆனால், வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாகப் பனைமூட்டில் நின்று வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பவள் மட்டும் யட்சி அல்லள். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் தரும் மாதரி, மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை என்னும் படையல் கொடுத்துத் திரும்பும் வழியில்தான், கண்ணகியோடு வந்த சமணத் துறவி கவுந்தியடிகளைக் காண்கிறாள். மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையில், சமணரின் இயக்கியான அம்பிகை தன் குழந்தைகளோடு நிற்கும் புடைப்புச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம்.

அச்சம் நீலி கதையோடு ஒட்டிக்கொண்டது. தான் நம்பிய ஆணால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் நீலியாக வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழிதீர்த்ததாக முப்பந்தல் இசக்கியின் கதையை நம் பக்கத்து வில்லுப்பாட்டுகளில் பாடுவார்கள். கொன்றவனை மறந்துவிட்டு, 'நீலிக்கண்ணீர்' என்று அவள் அழுகையை மட்டும் நம் மொழி பழமொழியாக்கிக்கொண்டதை எண்ணினால் எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது.

சில கோயில்களில் இசக்கியின் உருவம் வாயில் ஒரு பிள்ளையைக் கவ்வியபடி, இடுப்பில் இன்னொன்றை ஏந்தியிருக்கும். அந்த இரண்டாவது பிள்ளைக்காகத்தான் பெண்கள் அங்கே தொட்டில் கட்டுகிறார்கள். என் சித்திக்கு முன் பிறந்த இரு குழந்தைகளும் தங்கவில்லை. பாட்டி நேர்ந்துகொண்டு, பிழைத்த பிள்ளைக்கு இசக்கியின் பெயரையே இட்டாள். உங்கள் பெயருக்குப் பின்னாலும் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று, அரசிதழுக்கு விண்ணப்பிக்கும் முன் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பு கேட்கும் நண்பர்களிடம், கேரளத்து மலம்புழாவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்து முடித்த யட்சி சிலையின் முன் அவர்கள் குடும்பத்தோடு நின்று படமெடுத்துக்கொள்வதில்லையா என்று கேளுங்கள்.

'இசை'க்கும் இசக்கிக்கும் வேரளவில் உறவில்லை. பிடித்திருந்தால் வைத்துக்கொள்வதில் தவறும் இல்லை. என் சித்தியை யாரும் சுருக்கி அழைத்ததில்லை. அந்திக்கு விளக்கேற்றிவிட்டு, பாட்டி நடையில் நின்று "எசக்கியேய்" என்று நீட்டித்தான் கூப்பிடுவாள்.