பாலம் கட்டப் போகும் பெண்ணுக்கு

கேள்வி: கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பி.இ. சிவில், கடைசி வருடம். 2024-இல் வயநாட்டு நிலச்சரிவின்போது ராணுவம் பாலம் போட்டதைப் பார்த்ததிலிருந்து அந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று இருக்கிறேன். எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் சேவை) வேலைக்குத் தேர்வு எழுது என்கிறார் மாமா. பெண்களை எடுப்பார்களோ இல்லையோ என்கிறார் அப்பா. எதை நம்புவது?

பதில்: மாமா சொல்வதும் நல்ல வேலைதான். ஆனால் நீங்கள் கேட்கிற வேலை அது இல்லை. யூ.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு வழியாக எம்.இ.எஸ்.ஸில் சேர்ந்தால், ராணுவத்துக்கான கட்டடம், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றைக் கவனிக்கும் சிவிலியன் அதிகாரி ஆவீர்கள். சீருடை, ரேங்க் இரண்டும் கிடையாது.

வயநாட்டுச் சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தை (இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குப் போடும் பாலம்) ஒன்றரை நாளுக்குள் போட்டு முடித்தவர்கள் ராணுவப் பொறியாளர் படையின் மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரு அல்சூர்தான் அவர்கள் இடம். 1780-லிருந்து இருக்கும் படை. அந்த வீரர்களை ராணுவத்தில் செல்லமாகக் கூப்பிடுவதே 'தம்பி' என்றுதான். அன்று அந்தத் தம்பிகளோடு நின்று வேலை வாங்கியவர் மேஜர் சீதா ஷெல்கே. அப்பாவுக்கு இந்த ஒரு பெயரே போதும்.

உங்களுக்கான வழி எஸ்.எஸ்.சி. டெக், அதாவது பொறியியல் படித்தவர்களைக் குறுகிய காலப் பணிக்கு ராணுவ அதிகாரிகளாக எடுக்கும் முறை. வயது 20-லிருந்து 27-க்குள், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. எழுத்துத் தேர்வு இல்லை. கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கு ஆறாவது செமஸ்டர் வரையிலான மதிப்பெண்ணை வைத்து, துறைவாரியாக கட்-ஆஃப் போட்டு எஸ்.எஸ்.பி.க்கு (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்) அழைப்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பிக்கலாம். பையன்களுக்கு டி.ஜி.சி. என்று இன்னொரு கதவும் உண்டு. அதில் எடுத்த எடுப்பிலேயே நிரந்தரப் பணி.

சரி, எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். பலர் தேறாமல் வெளியேறுவது முதல் நாளிலேயே. ஒரு மங்கலான படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாகப் பேச விடுவார்கள். நம் கேரள எல்லைப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பில் பாதி ஆங்கிலம் என்று வளர்ந்ததால் 'தப்பாகப் பேசிவிடுவோமோ' என்று வாயை மூடிக்கொள்வார்கள். இலக்கணம் கொஞ்சம் சறுக்கினால் குடி முழுகாது. பேசாமலே இருந்தால்தான் சிக்கல். இன்றிலிருந்தே தோழிகள் நாலு பேர் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் வாதாடுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் கோச்சிங் வகுப்புகளை விட இது மேல் என்பது என் கருத்து. கூடவே ஓட்டம்: 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்துக்குள் ஓடிப் பழகுங்கள்.

தேர்வாகி, மருத்துவப் பரிசோதனை முடிந்து, தரவரிசையிலும் இடம் கிடைத்தால் 49 வாரப் பயிற்சி. 1992-இல் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியது நம் சென்னை பரங்கிமலை அகாடமியில்தான்; உங்களுக்கு எந்த அகாடமி என்பதை அறிவிப்பில் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். சிவில் படித்தவர் என்பதற்காக சாப்பர்ஸ் கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் இல்லை. உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள். பயிற்சியில் எடுத்த இடமும் காலியிடமும் பார்த்து ஒதுக்குவார்கள். சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் படை) கிடைத்தாலும் போவேன் என்று மனம் ஒப்பினால் மட்டும் விண்ணப்பியுங்கள். பணி முதலில் பத்து ஆண்டு, விரும்பினால் இன்னும் நான்கு. 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பொறியாளர் படையிலும் பெண்கள் நிரந்தரப் பணிக்கு வரலாம்.

அப்புறம், அரியர் இருந்தால் உடனே முடியுங்கள். பட்டம் கைக்கு வராவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். கேரளப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், கல்லூரியில் அப்பா பெயரை விரித்தே எழுதியிருப்பார்கள். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். ஆதாரை இந்த மாதமே அக்‌ஷயா இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்திவிடுங்கள்.