பாலையும் தயிரையும் நிறுத்தியும் சளி நிற்கவில்லையே!

"என் மகனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். ஜூனில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி. அத்தை சொன்னார்கள் என்று பால், தயிர், வாழைப்பழம் மூன்றையும் நிறுத்தி ஐந்து மாதமாகிறது. சளி வரும்போதெல்லாம் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கி, பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். மூன்று நாளில் சரியாகிறது, மறுபடி வந்துவிடுகிறது. இன்னும் எதை நிறுத்த வேண்டும் டாக்டர்?"
வாசகி, திருமங்கலம்

அந்த செட் மாத்திரையை நிறுத்துங்கள். மற்ற மூன்றையும் இன்றைக்கே கொடுக்க ஆரம்பியுங்கள்.

ஐந்து மாதம் நிறுத்திப் பார்த்தும் சளி வந்துகொண்டேதான் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சளி வைரஸால் வருவது. அதில் 200 வகைக்கு மேல் இருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று. பக்கத்தில் உட்காரும் பையன் மூக்கைத் துடைத்த கையாலேயே பென்சிலை நீட்டுவான், உங்கள் மகன் வாங்கி வாயில் வைப்பான். பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். இதில் 'நூறு சதவீத வருகை'க்குப் பரிசு வேறு கொடுக்கிறார்கள். மூக்கு ஒழுகுகிற பிள்ளையையும் அனுப்பிவை என்பதற்குத்தான் அந்தப் பரிசு.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரமும் இதே கதைதான். "ஜிகர்தண்டா குடித்தான், பந்தலில் மோர் குடித்தான், அதான் சளி" என்பார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அத்தனை கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றதை யாரும் சொல்வதில்லை.

பால் குடித்ததும் தொண்டையில் கோழை கட்டினாற்போல இருக்கிறதே என்பீர்கள். பால் எச்சிலோடு கலந்து கொஞ்ச நேரம் கெட்டியாக ஒட்டும், அவ்வளவுதான். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 60 பேருக்குச் சளி வைரஸையே மூக்கில் விட்டு, சளியை எடை போட்டுப் பார்த்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை. வாழைப்பழத்துக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லை. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு அதை ஐந்து மாதம் நிறுத்தியதுதான் நஷ்டம்.

இப்போது அந்த செட்டுக்கு வருகிறேன். பேப்பர் கவரில் போட்டுத் தரும் நாலு மாத்திரைக்குப் பெயர் உண்டா, தேதி உண்டா? ஒன்று தூங்கவைக்கும். ஒன்று ஆன்டிபயாடிக்காக இருக்கும், அதற்கு வைரஸ் சாகாது. சில கடைகளில் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடும். அடிக்கடி கொடுத்தால் முகம் ஊதும், வளர்ச்சி குறையும், எதிர்ப்புச் சக்தியும் போகும். மூன்று நாளில் குறைந்தது பெரும்பாலும் தானாகக் குறைந்ததுதான். மருந்து குழந்தையின் எடையைப் பார்த்துக் கொடுப்பது, பாதியாக உடைப்பதெல்லாம் கணக்கில் சேராது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சிலவற்றுக்கு 2014 முதல் தனிப் பதிவேடும் கட்டாயம். யார் எழுதுகிறார்கள், யார் வந்து பார்க்கிறார்கள்? 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் பக்கம் தயாரானது. அதற்குப் பிறகுதான், 5 வயதுக்குக் கீழே இருமல் சிரப் பொதுவாக வேண்டாம் என்று டெல்லியிலிருந்து மறுபடி சுற்றறிக்கை வந்தது.

அப்புறம், 'எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை' என்று கண்டுபிடித்துத் தருவதாக லேப் ஏஜென்ட் யாராவது வீட்டுக்கு வந்தால் ரத்தம் கொடுக்காதீர்கள். அவர்கள் பார்க்கும் ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்புப் புரதம். பாலுக்கு அது அதிகமாக இருந்தால், பிள்ளை பால் குடித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். கமிஷனுக்காக நடக்கிற கூத்து.

பால் உண்மையிலேயே தொல்லை தருகிற ஒரு விஷயம் உண்டு: பால் பாட்டில். மல்லாந்து படுத்தபடி பாட்டிலில் குடிக்கும்போது, மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் சின்னக் குழாய்க்குள் பால் ஏறலாம். காதில் சீழ் வைப்பதற்கு அது ஒரு காரணம். வாயில் பாட்டிலோடு தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும். நாலு வயதிலும் ராத்திரி பாட்டில் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். கொடுத்தால்தான் தூங்குகிறான் என்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போடுங்கள். டம்ளரில், உட்காரவைத்து, படுப்பதற்கு முன் கொடுத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பாட்டிலை விட்டபின் காதுவலி குறைந்தால், பாலை நிறுத்தியதால் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள்.

சளி பிடித்தால் வெந்நீர், ரசம், இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் போதும். ஆவி பிடிக்கிறேன் என்று சட்டியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் போங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே புளியங்கொட்டையோ பஞ்சோ இருக்கும். எடுக்காமல் அது நிற்காது.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லையா? தயிர்ச்சோற்றை மதியம் கொடுங்கள். ராத்திரி கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் வீட்டில் சண்டை வேண்டாம்.