உப்பு ஐஸை உருக்குமா, உறைய வைக்குமா?

கேள்வி: பனி விழும் ஊர்களில் சாலை உறையாமல் இருக்க உப்பு தூவுகிறார்கள். ஐஸ்கிரீம் செய்கிறவர்களோ குளிர் ஏறட்டும் என்று ஐஸ் கட்டியோடு உப்பைச் சேர்க்கிறார்கள். அங்கே உருக்கும் உப்பு இங்கே உறைய வைக்கிறதே, எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். உப்பு ஐஸை உருக்குகிறது, அது உருகுவதால்தான் குளிரும் ஏறுகிறது.

0 டிகிரித் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் கட்டி சும்மா கிடப்பது போலத் தெரியும். ஆனால் அதன் மேல்பரப்பில் ஓயாத போக்குவரத்து. கொஞ்சம் மூலக்கூறுகள் கழன்று தண்ணீருக்குப் போகும், அதே அளவு தண்ணீரிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும், வரவும் செலவும் சரிக்குச் சரி. உப்பைப் போட்டால் அது தண்ணீரில்தான் கரையும், ஐஸின் அடுக்குக்குள் அதற்கு இடமில்லை. தண்ணீர்ப் பக்கம் உப்பு புகுந்துவிட்டதால் வந்து ஒட்டும் மூலக்கூறுகள் குறைகின்றன, கழல்வதோ பழைய வேகத்திலேயே. அப்புறம் கட்டி கரையாமல் என்ன செய்யும்?

சரி, குளிர் எங்கிருந்து வருகிறது? 1 கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் இருந்தால் 1 கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கே ஏற்றிவிடலாம், அவ்வளவு பெரிய செலவு. உப்பு இதில் ஒரு கலோரிகூடக் கொடுப்பதில்லை. அதனால் உருகும் ஐஸ் தன்னிடமிருந்தும், சுற்றியுள்ள தண்ணீர், பாத்திரம், நடுவே வைத்த பால் என்று கைக்கு எட்டிய எல்லாவற்றிடமிருந்தும் வெப்பத்தைப் பிடுங்குகிறது. எடையில் 23 சதவீதம் உப்புள்ள கரைசல் -21 டிகிரி வரை உறையாது; சாதா உப்பின் எல்லை அதுதான். வீட்டில் அவ்வளவு தூரம் போகாது, -10 டிகிரியைத் தொடுவது சுலபம்.

செய்தே பாருங்களேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸ், அதில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குக் கல் உப்பு, போட்டுக் கிளறுங்கள். வெறும் ஐஸ் என்றால் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோர்க்கும், அவ்வளவுதான். உப்பு போட்டதில் கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகப் பொரிப் பொரியாகப் பனி படியும். ஈரத் தட்டின் மேல் வைத்துக் கிளறியிருந்தால் டம்ளரைத் தூக்கும்போது தட்டும் கூடவே வரும். இந்தக் கலவையைத் தோலில் வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்று மட்டும் பார்க்காதீர்கள், தீப்புண் மாதிரியே கொப்புளம் வரும்.

சாலையில் இதே உருகல்தான். அங்கே வெப்பத்தைத் தரையும் காற்றும் கொடுத்துக்கொண்டே இருக்கும், உருகிய உப்புத் தண்ணீரும் திரும்ப உறையாது. -10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பு மந்தமாகிவிடும், அப்போது கால்சியம் குளோரைடு போடுவார்கள், இல்லாவிட்டால் வழுக்காமல் இருக்க மணல்.

கேள்வி: உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டால்?

பதில்: வேலை செய்யும், சோம்பேறித்தனமாக. இங்கே கணக்கு துகள்களின் எண்ணிக்கையில்தான். உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரியும். சர்க்கரை பிரியாது, அதன் மூலக்கூறும் கனமானது. ஒரே எடை போட்டால் உப்பு தரும் துகள்களில் ஏறக்குறைய 12-ல் ஒரு பங்குதான் சர்க்கரையில் கிடைக்கும்.

கேள்வி: கடல் உறைந்தால் அந்த ஐஸும் கரிக்குமா?

பதில்: கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு, அதனால் அது -1.8 டிகிரி வாக்கில்தான் உறைய ஆரம்பிக்கும். ஐஸ் அடுக்கில் உப்புக்கு இடமில்லை என்றேனே, அதனால் உறைய உறைய உப்பு வெளியே தள்ளப்படும். கொஞ்சம் உப்புத் தண்ணீர் சின்னச் சின்ன அறைகளில் மாட்டிக்கொள்வதால் புது ஐஸ் கரிக்கும். சில கோடைகளைத் தாண்டிய பழைய கடல் ஐஸில் அதுவும் வடிந்துபோயிருக்கும், உருக்கிக் குடிக்கலாம். ஃப்ரீஸரில் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர் வைத்து, பாதி உறைந்ததும் எடுத்து, மேலே உள்ள ஐஸைக் கழுவிவிட்டு ஒரு துண்டு வாயில் போடுங்கள், லேசாகத்தான் கரிக்கும். அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள், முகம் கோணிவிடும்.