புதுச் சேவலைப் பெட்டைகள் கொத்தி விரட்டினால்

சந்தையில் வாங்கிய ஐந்து மாதச் சேவலை உங்கள் நான்கு பெட்டைகளும் கொத்தி விரட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். சேவலை இன்றே பிரித்துவிடுங்கள். கொண்டையில் ரத்தம் கசிந்தால் பெட்டைகள் அந்த இடத்தையே குறிவைத்துக் கொத்தும். ஒரு வாரம் பகலில் அவற்றின் கண்ணில் படும்படி சேவலைப் பஞ்சாரக் கூடையில் அடைத்து வையுங்கள், இரவில் தனிக்கூடு. பிறகு திறந்துவிடும்போது தீனியை இரண்டு மூன்று இடங்களில் தூவுங்கள்.

நீங்கள் சொல்லும் ஐந்து மாத வயதுதான் காரணமாக இருக்கும். முதிர்ந்த பெட்டைகள் விடலைச் சேவலுக்கு எளிதில் அடங்காது. வளர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சந்தையில் வாங்கியது என்பதுதான் எனக்குக் கவலை. எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ நீர்த்துப் போகிறதா என்று தினமும் பாருங்கள். போனால் மற்றக் கோழிகளுக்கும் பரவும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இறக்கையைத் தூக்கிப் பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகள் இருப்பது நல்லது. உங்களிடம் நான்குதான். பின்னாளில் சேவல் அடிக்கடி மிதித்து அவற்றின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவலை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.