சிவப்புக் கொடி ஆட்சியில யாரை எதிர்த்து ஸ்ட்ரைக்?

கேள்வி: அண்ணா, எங்க அப்பா சின்ன வயசுலேர்ந்து செங்கொடி யூனியன்ல இருந்தவரு, நான் இப்ப எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறேன். போலந்து நாட்டுல கம்யூனிஸ்ட் ஆட்சியையே ஒரு தொழிற்சங்கம் எதிர்த்துச்சாமே, அப்பா நம்ப மாட்டேங்குறாரு. தொழிலாளி ஆட்சியில தொழிலாளி யாரை எதிர்ப்பான்னு கேக்குறாரு.
- ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: அப்பா கேக்குறது நியாயம்தான் தங்கச்சி. ஆனா அங்க முதலாளியே அரசாங்கம்தான், சம்பளம் போடுறதும் அது, கறி விலைய ஏத்துறதும் அது, இருந்த யூனியனும் கட்சி சொன்னதைத்தான் கேக்கும், அப்ப கஷ்டத்தை யார்கிட்ட போய் சொல்றது? 1970 டிசம்பர்ல விலையேத்தத்தை எதிர்த்து ரோட்டுக்கு வந்தவங்கள சுட்டே கொன்னாங்க.

1980ல கதான்ஸ்க் ஊர்ல, லெனின் பேரு வச்ச கப்பல் கட்டுற யார்டுல, அன்னா வாலன்டினோவிச்னு கிரேன் ஓட்டுற அம்மாவ ரிட்டையர் ஆக 5 மாசம் இருக்கப்போ வேலைய விட்டு தூக்கிட்டாங்க. ஆகஸ்ட் 14 ஸ்ட்ரைக் ஆரம்பிச்சுது, எலக்ட்ரீஷியன் லேக் வலேசா முன்னாடி நின்னாரு. எனக்கு இதுல நெஞ்சுல நிக்கிறது 16ஆம் தேதிதான். கேட்ட சம்பளத்தை தரோம்னு நிர்வாகம் ஒத்துக்கிச்சு, ஸ்ட்ரைக் முடிஞ்சுதுன்னு வலேசாவே சொல்லிட்டாரு, ஆளுங்க வீட்டுக்கு கிளம்புறாங்க, அப்ப இந்த அன்னா அம்மா, அலினான்னு ஒரு நர்ஸ், டிராம் ஓட்டுற ஹென்ரிகா, இவங்கதான் மறிச்சாங்க, நீங்க போயிட்டா கூட ஸ்ட்ரைக் பண்ற சின்ன கம்பெனி ஆளுங்க கதி என்னன்னு. கேட்டை மூடிட்டாங்க. பெரிய எஸ்டேட்டுக்கு கூலி ஏறுனதும் பக்கத்து சின்ன தோட்டத்தை விட்டுட்டு வேலைக்கு இறங்கிடுவோமே, அத அவங்க செய்யல.

அதுக்கப்புறம்தான் எல்லா கம்பெனிக்கும் சேத்து 21 கோரிக்கை வந்துச்சு, முதல் கோரிக்கையே கட்சி கைய விட்டு விலகுன சுதந்திர யூனியன். ஆகஸ்ட் 31 அரசாங்கம் கையெழுத்து போட்டுச்சு. சாலிடாரிட்டி, அதாவது ஒற்றுமைன்னு பேரு வச்சாங்க, 1981ல ஏறக்குறைய 1 கோடி பேரு சேந்துட்டாங்க. அந்த வருஷமே டிசம்பர் 13 ராணுவச் சட்டம், ஆயிரக்கணக்குல ஜெயிலு, அடுத்த வருஷம் தடை. தலைமறைவா இருந்தே தாக்குப்பிடிச்சாங்க, 1989 ஜூன் தேர்தல்ல செனட்ல, அதாவது நாடாளுமன்ற மேல்சபைல, 100 சீட்டுல 99 இவங்களுக்கு.

அப்பாகிட்ட அந்த 21ல இருக்குறதையும் சொல்லும்மா: வேலைக்கு போற அம்மாங்களுக்கு போதுமான பிள்ளைக்காம்பரா (வேலை நேரத்துல குழந்தைங்கள பாத்துக்குற இடம்), சம்பளத்தோட 3 வருஷ பிரசவ லீவு, பொம்பளைங்களுக்கு 50 வயசுல ரிட்டையர்மென்ட், சனிக்கிழமை லீவு.